இடது முன்கால்

சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.
ஓவியம் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.
செவ்வாயும் வியாழனும் ஒன்பதுக்குத் திறப்பேன்,
பன்னிரண்டரைக்கு அடைப்பேன்.
நகராட்சி சம்பளம் தருவது அதற்கு மட்டும்.

போ என்பது எங்கள் நதியின் பெயர்.
நவம்பரில் மூடுபனி இறங்கிவிட்டால்
அது எங்கும் போவதாய்த் தெரியாது.
அதன் ஈரம்தான் சுவர்வழியே ஏறி
பிரபுவின் ஊர்வலத்தை
முழங்கால்வரை தின்றுவிட்டது.
வேட்டைநாய்கள் போயின.
பணியாட்களின் செருப்புகள் போயின.
ஒன்பது குதிரைகளுக்கு மிச்சம்
பதினொரு குளம்புகள்.
எண்ணியிருக்கிறேன். வேறென்ன வேலை?

அந்த மாதத்தில்தான் வந்தாள் ஓரேத்தா பொன்ஃபான்தி,
தோளில் பலகைகள், கையில் ஓர் அட்டை முட்டை.
மஞ்சள் கருவை உள்ளங்கை மாற்றி மாற்றி உருட்டி
தோலைக் கிள்ளி எறிந்துவிட்டு
நிறப்பொடியில் குழைப்பாள்.
வெள்ளைக் கரு எனக்கு, ஒரு புட்டியில்.
என் மனைவி செலிந்தா அதை நுரைக்க அடித்து
சர்க்கரை சேர்த்துச் சுட்டுத் தள்ளினாள்.
கிறிஸ்துமஸ் வருவதற்குள்
அக்கம்பக்கத்தார் எங்களைக் கண்டால்
தெருவின் மறுபக்கம் நடந்தார்கள்.

ஒன்பதில் ஒன்றைத்தான் வரைந்தாள்.
வரிசையில் ஆறாவது, வெள்ளை.
நாசிக்குள் மட்டும்
மழையில் நனைந்த செங்கல்லின் சிவப்பு.
கழுத்து, மார்பு, பிடரி எல்லாம் சுவரில் உள்ளபடி.
இடது முன்காலுக்கு வந்ததும்
அவள் கை வேறு வழி போகும்.
சுவரில் அது முன்னால் நீண்டு
தரையைத் தொட்டும் தொடாமல் கிடந்தது.
பலகையில் அதை மடக்கி, உயர்த்தி,
ஊர்வலத்துக்கு ஏற்றபடி நடக்கவிட்டாள்.
'இங்கே கோட்டை விட்டுட்டான்' என்பாள்,
ஐந்நூறு வருடம் முந்திய, பெயர் தெரியாத ஒருவனை
அடுத்த மேசைக்காரனைச் சொல்வதுபோல.
முப்பத்தேழு பலகைகள்.
முப்பத்தேழு திருத்தங்கள்.

பிப்ரவரியில் கதவின் கீல் இற்றுப்போய்
என் மைத்துனன் தார்சீசியோவைக் கூப்பிட்டேன்.
பந்தயக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன்,
இரும்பு என்றால் எதற்கும் வருவான்.
வந்தவன் கீலைப் பார்க்கவில்லை.
நேரே ஆறாவது குதிரையிடம் போய்க் குனிந்து
காலைத் தூக்கக் கை நீட்டினான்.
தொடாதே என்று கத்தினேன்.
'பாரம் முழுக்க வலது காலில். தெரியலையா?
காது பின்னால் மடங்கியிருக்கு.
குளம்புக்குள்ளே சீழ்.
ரெண்டு நாள் ஆகியிருக்கும், வெட்டிவிட்டால் நடக்கும்.'
சொல்லிவிட்டுக் கீலுக்குத் திரும்பினான்.

ஓரேத்தா விளக்கை எடுத்து
சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்தாள்.
ஈரச் சுண்ணாம்பில்தான் அவர்கள் வரைவார்கள்;
ஒரு நாளுக்கு எவ்வளவு முடியுமோ
அவ்வளவே பூசுவார்கள்.
ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விளிம்பு,
துணியில் தையல்போல.
இரண்டு குதிரைகள், ஒரு சிவப்பு அங்கி,
பிரபுவின் முகம்: ஒரு நாள்.
அந்தக் காலைச் சுற்றி மட்டும்
நீளமாய், ஒடுக்கமாய், தனியாக ஒரு விளிம்பு.

'முதலில் நன்றாய்த்தான் வரைந்திருக்கிறான்.'
அவள் குரல் சற்று இறங்கியது.
'காய்ந்த பிறகு கொத்தி எடுத்திருக்கிறான்.
மறுபடி பூசியிருக்கிறான்.
ஒரு காலுக்கு ஒரு முழு நாள்.'

ஏன் என்று யாருக்குத் தெரியும்.
வேலைக்கு வரும் வழியில்
முற்றத்தில் அதைப் பார்த்திருக்கலாம்.
பிரபு கவனித்திருக்க மாட்டார்,
சுவரில் தன் மூக்கு எப்படி வந்திருக்கிறது
என்று பார்க்கவே அவருக்கு நேரம் சரியாயிருக்கும்.

தார்சீசியோ கீலுக்கு எண்ணெய் விட்டான்.
அன்று அவள் எதுவும் வரையவில்லை.
உடைக்காத முட்டைகளை அட்டையோடு நீட்டி
'இன்றைக்கு முழுசாய் எடுத்துக்கொள்ளுங்கள்' என்றாள்.
மணி ஒன்றேகால்.
நகராட்சிக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

சத்தமில்லாமல் கதவு மூடியது.
பூட்டும்போது ஒரு கணம் குனிந்து பார்த்தேன்,
நான் எந்தக் காலில் நிற்கிறேன் என்று.